உருளைக்கிழங்கு காயா, சோறா?

காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "உங்களுக்குப் பிடித்த காய்கறி எது?" வானொலியில் இதைவிடச் சாதுவான கேள்வி கிடைக்காது. திங்கட்கிழமை, ஆறே முக்கால் மணி. பாதிப் பேர் பேருந்தில் இருப்பார்கள், மீதிப் பேர் பிள்ளைகளின் காலுறையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஈசூனிலிருந்து அழைத்த அக்கா முருங்கைக்காய் என்றார். அடுத்தவர் கத்திரிக்காய். மூன்றாவதாக வந்த டாக்சி ஓட்டும் அண்ணன் "உருளைக்கிழங்கு" என்றார். அவ்வளவுதான், குறுஞ்செய்திகள் கொட்டத் தொடங்கிவிட்டன. அது காயே இல்லை, கிழங்கு. அப்படியென்றால் கேரட்? அது வேர். காளான்? அது செடியே இல்லையே. தேங்காயில் பெயரிலேயே காய் இருக்கிறது, அதைப் பட்டியலில் சேர்ப்பீர்களா? ஒருவர் கருவாடு என்று அனுப்பியிருந்தார். அதை மட்டும் வாசிக்கவில்லை.

இந்த வழக்கைத் தீர்க்கத் தேக்காவைவிடப் பொருத்தமான இடம் இந்தத் தீவில் இல்லை. அந்தச் சனிக்கிழமையே போனேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். ஹொக்கியன் மொழியில் 'தெக் கியா கா' என்றால் சிறு மூங்கிலின் அடி. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் மூங்கில் அடர்ந்திருந்ததால் வந்த பெயர். மலாய்க்காரர்கள் அதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்றார்கள். எருமை போய்விட்டாலும் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் மிச்சம் இருக்கின்றன. 1982-ல் திறந்த புதிய கட்டடத்துக்கு மாண்டரின் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். நம் வாயில் அது நுழையவில்லை, சீனர்கள் வாயிலும் அவ்வளவாக நுழையவில்லை. 2000-ல் மறுபடியும் தேக்கா ஆகிவிட்டது.

மூங்கிலை ஏன் இழுக்கிறேன் என்றால், தேக்கா ஈரச்சந்தைக்குள் சீனர் கடைகளில் மூங்கில் குருத்து காய்கறியாக விற்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் மூங்கிலை மரம் என்று ஏற்காது. உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்தான். ஆக, எருமைத் தொழுவம் என்று பெயர் பெற்ற இடத்தில் நின்றுகொண்டு நாம் புல் வாங்கிப் போகிறோம்.

பஃபலோ ரோட்டில் கடைக்கு வெளியே அட்டைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். புடலை, பீர்க்கு, சுரை, கொத்தவரை, சின்ன வெங்காயம், வாழைப்பூ, வாழைத்தண்டு, மடித்த வாழையிலை. கடைக்காரருக்குக் காய், கிழங்கு, வேர் என்ற பிரிவெல்லாம் கிடையாது. வாடுவது நிழலில், வாடாதது வெளியே. பாகற்காயில் மட்டும் இரண்டு தேசியம் உண்டு. நம்முடையது கரும்பச்சையாக, முள்முள்ளாக, கோபத்தோடு இருக்கும். சீனப் பாகல் வெளிர்நிறத்தில், பெருத்து, வழவழவென்று இருக்கும். கசப்பும் சற்றுக் குறைவு. "அது பாகற்காயே இல்ல, சும்மா" என்று பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி எனக்கு விளக்கம் சொன்னார். எதைக் காய் என்று மதிப்பது என்பதில் அவருக்கு ஒரு சொட்டுக் குழப்பமும் இல்லை.

உண்மையில் தமிழ் இந்தக் கேள்வியை வேறு விதமாக அணுகியிருக்கிறது. காய் என்ற சொல் ஒரு பருவத்தையும் குறிக்கிறது. மாங்காய் பழுத்தால் மாம்பழம், வாழைக்காய் பழுத்தால் வாழைப்பழம். செவ்வாய்க்கிழமை காய்கறியாக இருந்தது வெள்ளிக்கிழமை பழமாகிவிடும். காய்க்கு முந்திய நிலைக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தேவநேயப் பாவாணர் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார்: மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னையின் பிஞ்சு குரும்பை. இதில் வடுவை மட்டும்தான் ஊறுகாய்ப் புட்டி காப்பாற்றி வைத்திருக்கிறது. பலா மூசை இங்கே மலாய் வீடுகளில் தேங்காய்ப் பாலில் லெமாக் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சொல் நம்மிடம், சமையல் அவர்களிடம். வாழைப்பூவை மலாயில் 'ஜாந்தோங் பிசாங்', வாழையின் இதயம் என்கிறார்கள். நரம்பு எடுத்து எடுத்து விரல் கறுத்துப்போனவர்களுக்கு அப்படிக் கவிதை வராது.

'கறி' இன்னும் சுவாரசியம். சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. பிறகு அது மிளகு போட்டுச் சமைத்த எல்லாவற்றுக்கும் ஆகி, யாழ்ப்பாணத்தில் எந்தத் தொடுகறிக்கும் பெயராகி, மதுரைப் பக்கம் ஆட்டிறைச்சியில் போய் நின்றுவிட்டது. அதனால்தான் இலங்கையிலும் இங்கேயும் 'மரக்கறி' என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் காடுகளை அழித்து நட்ட பயிர்களே கம்பீரும் மிளகும்தான். பழைய பொருளில் இது ஒரு கறித் தீவு. மாண்டரினில் 'சாய்' என்ற சொல்லும் இதே பாடு படுகிறது. அதற்குக் காய்கறி என்றும் பொருள், சமைத்த பதார்த்தம் என்றும் பொருள். இரண்டு பெரிய மொழிகள் ஒரே இடத்தில் குழம்பியிருக்கின்றன என்றால் குழப்பம் நம் மீதில்லை, உணவின் மீதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் நடுவே வந்தால்தான் யாராவது தீர்ப்புச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 விழுக்காடு வரி, பழத்துக்கு இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் தக்காளிக்கு வரி கேட்டார்கள். நிக்ஸ் என்ற வணிகர், தக்காளி பழம்தானே என்று வழக்குப் போட்டார். 1893-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: தாவரவியல்படி அது பழம்தான், ஆனால் மக்கள் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பாகச் சாப்பிடுவதில்லை, ஆகவே காய்கறி. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் நேர்மாறான வேலை செய்தது. ஜாம் பற்றிய விதிகளில் கேரட்டையும் சர்க்கரைவள்ளியையும் பழமாகக் கருதலாம் என்று எழுதி வைத்தது. போர்ச்சுகலில் கேரட் ஜாம் செய்கிறார்கள், அதற்காக.

சிங்கப்பூரில் சுங்க வரி மதுவுக்கும் புகையிலைக்கும் வாகனத்துக்கும் பெட்ரோலுக்கும்தான். காய்கறியோ பழமோ, சுங்கத்துறைக்கு இரண்டும் ஒன்று. நம்முடைய நிக்ஸ் வழக்கு நடக்கும் இடம் உணவங்காடி நிலையத்தின் கலவைச் சோற்றுக் கடை. ஓர் இறைச்சி, இரண்டு காய் என்றால் ஒரு விலை. இரண்டு இறைச்சி என்றால் இன்னொரு விலை. டோஃபு காயா? பெரும்பாலான ஆன்ட்டிகள் காய் என்று விட்டுவிடுவார்கள். அவித்த முட்டை? கடைக்குக் கடை தீர்ப்பு மாறும். டோஃபுவின் மேல் கொஞ்சம் கொத்திறைச்சி தூவியிருந்தால்? எங்கள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் அது இறைச்சி, 70 காசு கூடுதல். மேல்முறையீடு கிடையாது. பின்னால் வரிசை நிற்கிறது.

இரண்டு கடை தள்ளி 'கேரட் கேக்' விற்கும். அதில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. வெள்ளை முள்ளங்கியையும் அரிசி மாவையும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, முட்டையோடு பொரித்தது. ஹொக்கியனில் கேரட்டைச் சிவப்பு முள்ளங்கி என்பார்கள்; அந்த உறவில் முள்ளங்கி ஆங்கிலத்தில் கேரட் ஆகிவிட்டது. ரோஜாக் தட்டில் வெள்ளரியும் அன்னாசியும் பங்குவாங் கிழங்கும் ஒரே இறால் சாந்தில் புரள்கின்றன. ஐஸ் கச்சாங்கில் சோளம். தியோச்சு விருந்தின் முடிவில் சேம்புக் கிழங்கு இனிப்பாக வரும். நிக்ஸ் வழக்கின் நீதிபதி இங்கே ஒருவேளை சாப்பிட்டிருந்தால் தீர்ப்பை ஒத்திவைத்திருப்பார்.

இதுவரை வேடிக்கை. எங்கள் வீட்டில் இதே கேள்வி கொஞ்ச நாளாக வேடிக்கையாக இல்லை.

அப்பாவுக்கு நீரிழிவு வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. போன வருடம் மூன்று மாதச் சராசரி 8.4 காட்டியது. மருத்துவர் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அந்தப் பெண் ஒரு தட்டுப் படத்தைக் காட்டினார். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் படம்தான், நீங்களும் பார்த்திருப்பீர்கள்: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு இறைச்சி, பருப்பு, டோஃபு போன்றவை. அப்பா நிம்மதியாகச் சிரித்தார். "நான் பாதித் தட்டுக்கு மேலேயே காய்தானே சாப்பிடுறேன்." என்னென்ன என்று அவர் கேட்க, அப்பா அடுக்கினார்: உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய்ப் பொரியல், சேப்பங்கிழங்கு ரோஸ்ட், பட்டாணி குருமா. அந்தப் பெண் பேனாவை எடுத்து ஒவ்வொன்றையும் தட்டின் மறுபக்கத்துக்குக் கோடு இழுத்தார். "அங்கிள், இதெல்லாம் சோறு."

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். 65 வருடங்களாகக் காய் என்று நம்பியதெல்லாம் ஒரே கோட்டில் கட்சி மாறிவிட்டது.

இதை அவர் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் வாளியிலிருந்து இலையின் மேல்பாதியில் விழுவதெல்லாம் காய்தான், கீழ்ப்பாதியில் விழுவது சோறு. உருளைக்கிழங்கு என்றைக்கும் மேல்பாதியில்தான் விழுந்திருக்கிறது. பிரிட்டனின் சுகாதாரத் துறையும் ஒரு நாளைக்கு ஐந்து பங்கு காய், பழம் சாப்பிடச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கைக் கணக்கில் சேர்க்காதே என்கிறது. காரணம் எளிது. அதன் மாவுச்சத்து உடம்புக்குள் சோறு செய்வதையே செய்கிறது. உடம்பு இலையின் மேல்பாதி, கீழ்ப்பாதி பார்ப்பதில்லை. 2016-ல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. இந்தியர்களிடையே இந்த நோய் அதிகம் என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தட்டுப் படம் நல்ல படம்தான். ஆனால் நம் இலையில் விழும் கூட்டையும் வறுவலையும் அதில் எங்கே வைப்பது என்று வீட்டுக்கு வந்து யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த வேலை அம்மாக்கள் தலையில்தான் விழுகிறது.

எங்கள் தாத்தா கிழங்கே தொடமாட்டார். அது வேறு கதை. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் இந்தத் தீவே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்று உயிர் பிழைத்தது. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிறகு சாகும்வரை மரவள்ளி அவர் தட்டுக்கு வந்ததில்லை. இன்றைக்கு அதே மரவள்ளியைத் துருவி, தேங்காய்ப் பூ தூவி, பலகாரக் கடையில் ஆசையாக வாங்கிச் சாப்பிடுகிறோம்.

அவருடைய திதி போன மாதம் வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி திதிச் சமையலில் உருளை, தக்காளி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் கிடையாது. மிளகாய்கூடக் கிடையாது, மிளகுதான். கடல் கடந்து பின்னால் வந்தவற்றை முன்னோருக்குத் தெரியாது, அதனால் படைப்பதில்லை என்பது அம்மாவின் விளக்கம். சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆனால் அது எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. அதை நான் எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை.

பட்டியலோடு மூவரும் தேக்காவுக்குப் போனோம். பாகற்காய், கொத்தவரங்காய், புடலங்காய், அவரைக்காய், வாழைத்தண்டு, கீரை. பஃபலோ ரோட்டில் நின்றுகொண்டு அப்பா திடீரென்று தன் சட்டைப் பையிலிருந்து உணவியல் நிபுணர் கொடுத்த தாளை எடுத்து, அம்மாவின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் ஒத்துப்போனது. "உங்க அப்பாவுக்குப் படைக்கிறத நீங்களும் தினம் சாப்பிட்டா போதும்" என்றார் அம்மா. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கால் கிலோ கொத்தவரையைக் கூடப் போட்டார். காசு வாங்கிக்கொண்டுதான்.

நாட்டின் கணக்கிலும் சொற்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 90 விழுக்காட்டுக்கு மேல் உணவை இறக்குமதி செய்யும் ஊர் இது. 2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019-ல் ஓர் இலக்கு வைத்தார்கள். சென்ற 2025 நவம்பரில் அதை மாற்றினார்கள். இப்போதைய இலக்கில் காய்கறி என்ற சொல்லுக்குப் பதில் 'நார்ச்சத்து' என்று இருக்கிறது. 2035-க்குள் நாம் உண்ணும் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு உள்ளூரில் விளைய வேண்டும். கீரை, காய், முளைப்பயறு, காளான் எல்லாம் அந்த வகையில் அடக்கம். காளான் அனுப்பிய நேயருக்கு இந்தத் தகவலை ஒலிபரப்பில் சொன்னேன், மகிழ்ந்துபோனார்.

வீட்டில் இப்போது ஓர் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல் உண்டு. ஒரு கரண்டி வறுவல் போட்டால் ஒரு கரண்டி சோறு எடுக்கப்படும். வாழைக்காய்க்கும் இதே விதி. கரண்டி அம்மா கையில் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி 7.6-க்கு இறங்கியிருக்கிறது. அடுத்த பரிசோதனை வரும் மாதம். சேப்பங்கிழங்கு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.