கணக்கு உதைக்கிறதா?

எழுதிய கதை திரும்பி வந்துவிட்டால் இரண்டு நாள் நான் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்படி ஒரு நாளில்தான் யூஜீன் பார்க்கரைப் பற்றிப் படித்தேன்.

சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசவேண்டும் என்று 1958-ல் அவர் கணக்குப் போட்டு எழுதினார். கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் 'தள்ளுபடி' என்றார்கள். சிகாகோவில் அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர், சென்னை மாகாணக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்துப் பிடிக்கவில்லைதான். ஆனால், கணக்கில் தவறு காட்ட யாராலும் முடியவில்லையே! அச்சிட்டுவிட்டார். 1935-ல் லண்டன் சபையில் எடிங்டன் தம் கணக்கைக் கேலி செய்தது அவருக்கு மறந்தா இருக்கும்?

1962-ல் வெள்ளிக் கிரகத்துக்குப் புறப்பட்ட மாரினர்-2 வழியில் அளந்து பார்த்தது. அளந்தபோதெல்லாம் காற்று வீசிக்கொண்டே இருந்தது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகம்.

அதோடு தீர்ந்ததா? காற்று உண்டு என்பது வேறு, நாளை எப்படி வீசும் என்பது வேறு. சூரியன் கக்கும் புயல் எப்போது வந்து சேரும் என்று இன்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் விண்கலங்கள் வந்த நேரத்தைக் குறிக்கின்றன. 2024-ல் நம் ஆதித்யாவும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒத்திட்டுப் பார்த்தால் சராசரியாகப் பத்து மணி நேரம் முன்பின். இத்தனைக்கும் பயணமே சாதாரணமாக இரண்டு மூன்று நாள்தான்!

மறுநாள் என் கதையைப் பிரித்தேன். ஆடியில் செத்துப்போன அத்தை ஐப்பசியில் கடிதம் போட்டிருந்தாள்.