வைக்கோல் மேல ஒரு ரேஸ்!

தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். நடுவுல வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா ஆறு. எல்லாத்தையும் பன்னிரண்டே நிமிஷத்துல தாண்டிக் காட்டறேன்னு பந்தயம் கட்டினான் நம்ம நண்பன். தியாகராஜர் ஆராதனையில பஞ்சரத்ன கீர்த்தனை ஆரம்பிக்கறதுக்குள்ள போயாகணுமாம். பின்சீட்டில் நான். ஹெல்மெட்? போட்டா முடி கலைஞ்சிடுமாம்!

கண்டியூர் கிட்ட வந்தது வினை. தை மாசம், சம்பா அறுவடை. ரோட்டுலயே வைக்கோலைப் பரப்பி வெச்சிருந்தாங்க. பிரேக் பிடிச்சான். பைக் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். முட்டிச் சிராய்ப்போட போச்சு.

டீக்கடையில் தண்ணி கொடுத்த பெரியவர் திட்டவே இல்லை. "மெட்ராஸ்ல படிக்கறப்ப நானும் சோழவரம் ரேஸ், சோழவரம் ரேஸ்னு பைத்தியமா அலைஞ்சவன்தான் தம்பி" என்றார். அவ்வளவுதான், டீ ஆறிப்போச்சு.

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம்தான் சோழவரம் டிராக். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷக்கணக்கா ரேஸ் நடத்தியது. ஃபியட், ஹெரால்டுன்னு வீட்டுக் காரையே பிரிச்சு மேஞ்சு ஓட்டுவாங்க. 80-களில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து இறக்கினார். கோவை கரிவரதனோட கெத்து வேற மாதிரி... காரை நாமளே கட்டணும்! மாருதி 800 இன்ஜினை வெச்சு அவர் உருவாக்கின 'ஃபார்முலா மாருதி'யில் ஓட்டிப் பழகினவர்தான், 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன். கரிவரதனை டிராக் விட்டுவெச்சது. 1995-ல் விமான விபத்தில் போயிட்டார்.

"அந்தக் காலத்துல பயமா இருக்குன்னு எவனும் வாயத் தொறக்க மாட்டான் தம்பி. மானம் போயிடும்ல?"

பேன்ட்டில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டப்போ எனக்கு லொரென்ஸோ பாண்டினி ஞாபகம் வந்தார். அப்போ வெளிநாட்டு டிராக்குகளிலும் பாதுகாப்புன்னா வைக்கோல் கட்டுதான். 1967-ல் மொனாக்கோ ரேஸில் இரண்டாவதா வந்திட்டிருந்த பாண்டினியோட ஃபெராரி கவிழ்ந்து தீப்பிடிச்சது. காப்பாத்த வெச்ச வைக்கோலே நெருப்பை வளர்த்தது. மூணு நாள் கழிச்சு இறந்தார்.

அதுக்கு முந்தின வருஷம் பெல்ஜியத்து ஸ்பா டிராக். மழை. ஜாக்கி ஸ்டூவர்ட் நசுங்கின காருக்குள்ள, பெட்ரோல்ல நனைஞ்சு கிடக்கார். ஒரு பொறி போதும்! ஸ்டியரிங்கைக் கழட்ட ஸ்பானர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கிட்ட கடன் வாங்கித்தான் மீட்டாங்க. அப்புறம் ஸ்டியரிங்லயே ஒரு ஸ்பானரை ஒட்டிக்கிட்டு ஓட்டினார் ஸ்டூவர்ட். பெல்ட் வேணும், தடுப்பு வேணும், டாக்டர் வேணும்னு சண்டை போட்டார். 'கோழை'ன்னாங்க. அந்தக் 'கோழை' மூணு முறை உலக சாம்பியன்! 1973-ல் தன் டீம் தோழன் செவர் பயிற்சியில் இறந்ததும், தன்னோட 100-வது ரேஸை ஓட்டாமலே விலகிட்டார். கணக்கு 99-லயே நிக்குது. எனக்கு அந்த 99 பிடிக்கும்.

பெரியவருக்கு வணக்கம் சொல்லிட்டு சாவியை நான் வாங்கிக்கிட்டேன்.

"மச்சான், சைக்கிள்காரர் நம்மள ஓவர்டேக் பண்றார்டா!"

"பண்ணட்டும்."

குடமுருட்டி பாலம், காவிரிப் பாலம்... பந்தலுக்குள்ள நுழைஞ்சப்போ அஞ்சாவது கீர்த்தனை ஓடிட்டிருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே கேட்டோம். உட்காரலாம்னா, முட்டி மடங்கலை.