தடைக்காலத்தில் பேட்டரி

ஏப்ரல் 15 பிறந்தால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் கட்டிக் கிடக்கும் படகுகளில் பலகை மாற்ற, இன்ஜின் பிரிக்க, பெயிண்ட் அடிக்க என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பேட்டரியின் நினைவு மட்டும் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் வரும். செல்ஃப் எடுக்காது. "அண்ணே, போன வருசம்தான் வாங்குனேன், அதுக்குள்ள போயிருச்சா?" என்பார்கள்.

கடலில் உழைத்துத் தேய்ந்த பேட்டரியைவிட, கரையில் சும்மா கிடந்து கெட்ட பேட்டரிதான் என் கைக்கு அதிகம் வருகிறது. மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். புதிதாகப் படிந்தது மாவு மாதிரி நைசாக இருக்கும். சார்ஜ் ஏற்றினால் கரைந்து போகும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அது பெரிய படிகமாக இறுகிவிடும். அதற்குப் பிறகு சாதாரணச் சார்ஜர் அதை அசைக்காது.

இதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. சூடு 10 டிகிரி கூடினால், கிடக்கும் பேட்டரி தானாக வடியும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிர்நாடுகளில் படகையும் கேம்பர் வேனையும் பனிக்காலத்தில் ஓரங்கட்டுவார்கள். முழு சார்ஜோடு வைத்த பேட்டரியை அந்தக் குளிரே காத்துக்கொடுக்கும். நமக்கோ தடைக்காலத்தின் நடுவில் கத்திரி வெயில். தகரக் கொட்டகையிலோ மூடிய கேபினிலோ வைத்த பேட்டரி அந்த வாரங்களில் பாதி உயிரை விட்டுவிடும். இரவு விளக்குக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரிக்குத் தகடு கனம். ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும். ஆனால் அதன் தகட்டில் ஆன்டிமனி கலந்திருப்பதால் கிடந்தபடி வடிவது அதில் கூடுதல்.

அதனால் படகு கட்டிய அன்றே பேட்டரியைக் கழற்றச் சொல்வேன். மெயின் சுவிட்சை அணைத்தால் போதாது. தண்ணீர் இறைக்கும் ஆட்டோ பம்பு போன்றவை நேரடி வயரில் இருக்கும். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில். டெர்மினலில் பூத்திருப்பதைச் சோடா உப்புக் கரைசலால் கழுவலாம். கரைசல் செல்லுக்குள் இறங்கக் கூடாது. பிறகு முழு சார்ஜ் ஏற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி ஏற்ற வேண்டும். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 15 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். கடலில் படகின் ஆட்டமே ஆசிட்டைக் கலக்கிவிடும். கரையில் அது இல்லை. கனமான ஆசிட் அடியில் தங்கும். சார்ஜின் கடைசியில் குமிழி நன்றாக வரும்வரை விட்டால்தான் கலக்கும். அந்தக் குமிழியில் ஹைட்ரஜன் உண்டு. பக்கத்தில் பீடி கூடாது.

டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்னாலேயே ஊற்றலாம். கேன் தண்ணீர் குடிக்கத்தான். அதிலுள்ள உப்பு தகட்டை அரிக்கும். ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை. ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1180 என்றால் அந்தச் செல்லில்தான் கோளாறு.

நான் அதிகம் சண்டை போடுவது ஜோடி பேட்டரிக்காக. 24 வோல்ட் செல்ஃபுக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருப்பார்கள். வயர்லெஸ் செட்டுக்கும் விளக்குக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று அதில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்திருப்பார்கள். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டும். வடிந்த பேட்டரி ஒருநாளும் நிறையாது; நிறைந்திருப்பதோ மேலும் மேலும் சார்ஜ் வாங்கித் தண்ணீர் வற்றும். ஒரு பருவத்தில் இரண்டும் இரண்டு விதமாகக் கெடும். பழுதானதை மட்டும் மாற்றிக் கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். பழைய ஜோடியோடு சேர்ந்து புதியதும் சீக்கிரம் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைப்பது செலவுதான், ஆனாலும் வைக்கத்தான் வேண்டும். கரையில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

இப்போது சில ஃபைபர் படகுகளில் லித்தியம் வருகிறது. அதற்கு விதி தலைகீழ். பாதி சார்ஜில் வைத்தால் நல்லது; மாதாமாதம் ஏற்ற வேண்டியதில்லை. ஈய பேட்டரியின் சல்பேட்டை உடைக்க 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் சார்ஜரை மட்டும் லித்தியத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.