புனே நகரும் நமது வண்டிகளும்

மராத்தி மொழியில் வண்டிக்குக் 'காடி' என்று பெயர். புதிதாகப் புனேக்கு வரும் தமிழர் செவிக்கு அச்சொல் முதலில் சிரிப்பையே உண்டாக்கும். நம் மொழியில் காடி என்பது புளித்த நீரையன்றோ குறிக்கும்! ஆயினும் சில நாட்களுக்குள் ஓர் உண்மை புலப்பட்டுவிடும். இந்நகரத்தார் காடி என்னும்போது பெரும்பாலும் காரையோ பஸ்ஸையோ கருதுவதில்லை. ஸ்கூட்டரையும் மோட்டார் சைக்கிளையுமே கருதுகின்றனர். நம் ஊரிலும் 'வண்டியை எடு' என்றால் பொருள் அதுதானே! இவ்வகையில் தமிழரும் மராத்தியரும் ஒரே மனத்தினர்.

முன்னர் பூனா என வழங்கிய இந்நகரம் ஒரு காலத்தில் சைக்கிள்களின் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது. சைக்கிள் இருந்த இடத்தைப் பின்னர் விசை வண்டிகள் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன. ஊர் விட்டு ஊர் வந்து இங்கே பிழைக்கத் தொடங்கிய நம்மவர் பலருக்கு, வீடு வாங்குவதற்கு நெடுங்காலம் முன்பே வாய்த்த முதற் சொத்து ஒரு வண்டியே. ஆகவே, வண்டிகளின் கதையைக் கேட்டால் குடும்பங்களின் கதையும் உடன் வரும் என்று எண்ணி, அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஸ்தா பேட்டையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் கூடினோம். தாம் வைத்திருந்த வண்டி, அல்லது ஆசைப்பட்டும் வாங்க இயலாத வண்டி, எதுவாயினும் அதன் புகைப்படத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதே ஏற்பாடு. மராத்தியர் 'பேட்' என்பதும் நாம் பேட்டை என்பதும் ஒரே சொல்லாதலால், அப்பகுதியில் நமக்கு ஊர் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

முதலில் படத்தை எடுத்து வைத்தவர் கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். 1869இல் தோன்றிய அத்தொழிற்சாலையை அண்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. படத்தில், மெலிந்த இளைஞராக, ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் மேல் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். எல்லோரும் வண்டியைப் புகழ்ந்துகொண்டிருக்கையில் அவருடைய மனைவியார் மெல்லச் சிரித்தார். "அது எங்கள் வண்டியே அல்ல. அடுத்த வீட்டு மராத்தியருடையது. தஞ்சாவூரில் இருந்த மாமியாருக்கு அனுப்புவதற்காக அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அம்மா இறந்த பிறகு அவருடைய பெட்டியில் இந்தப் படம் இருந்தது" என்றார். பெரியவர் மறுக்கவில்லை. "அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புல்லட்டுக்கும் நமக்கும் வேறோர் உறவும் உண்டு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினர். திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் உருவான 350 சி.சி. வண்டிகள் ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் சென்றன. தாயகமான இங்கிலாந்தில் அந்நிறுவனம் பின்னர் மறைந்தது. அதன் வண்டியோ தமிழ்நாட்டில் உயிர் பிழைத்தது. பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு வித்தை. டிகம்ப்ரஷன் விசையைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். அம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்கும் தருணத்தில் விசையை விட்டு ஒரே உதை உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்த்துவிடும்.

அடுத்து வந்த படங்களில் பெரும்பாலானவை ஸ்கூட்டர்கள். அதில் வியப்பில்லை. நகருக்கு வடமேற்கே ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை இருக்கிறது. இத்தாலியின் பியாஜ்ஜியோ நிறுவனத்தாரின் அநுமதியுடன் வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்துவந்த பஜாஜ் நிறுவனத்தார், 1971இல் அவ்வொப்பந்தம் முடிந்தபின், 1972இல் சேத்தக் என்ற பெயரில் தம் ஸ்கூட்டரை வெளியிட்டனர். ராணா பிரதாப் சிங்கின் குதிரையின் பெயர் அது. அக்குதிரைக்காக மக்கள் காத்திருந்த காத்திருப்பை இன்றைய இளைஞர் நம்பமாட்டார்கள். பணம் கட்டிப் பதிவு செய்தபின் ஆண்டுக்கணக்கில், சில வேளை பத்தாண்டு வரையிலும்கூட, வரிசையில் நின்றனர். அந்நியச் செலாவணியில் பணம் செலுத்துவோருக்கு மட்டும் விரைவில் கிடைத்தது. கலியாணச் சந்தையில் மாப்பிள்ளைக்குச் சேத்தக் கேட்ட கொடுமையும் உண்டு, அதனையும் மறைப்பதற்கில்லை.

இங்கேயும் ஒரு படம் எல்லோருக்கும் சொந்தமானதுபோல் இருந்தது. முன்னே நிற்பது மூத்த குழந்தை; நடுவே அப்பா; பின்னே ஒரு புறமாக அமர்ந்த அம்மா; மடியில் கைக்குழந்தை. காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் அதனை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, மீண்டும் உதைப்பார்கள். அது நம் வீட்டில் மட்டும் நடந்தது என்றே ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர் போலும்! சாய்த்த கதையை ஒருவர் தொடங்கியதும் கூடம் முழுவதும் சிரிப்பு எழுந்தது.

பெண்மணிகளின் நினைவு வேறு வழியில் சென்றது. புனேயைச் சேர்ந்த கைனடிக் நிறுவனம் 1972இல் லூனா என்னும் 50 சி.சி. மொபெட்டை வெளியிட்டது. மிதித்தே கிளப்பலாம்; கியர் மாற்றும் தொல்லை இல்லை. 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தபோது பொத்தானை அழுத்தினாலே வண்டி கிளம்பிற்று. "லூனா வாங்கும் வரையில் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவரிடத்துக்கும் அவர் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருப்பேன். லூனா வந்த பிறகு அவர் எனக்காகக் காத்திருந்தார்" என்றார் ஆசிரியை ஒருவர். புனேயில் பெண்கள் முகத்தைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு அச்சமின்றி வண்டி ஓட்டிச் செல்லும் காட்சியை வெளியூரார் வியந்து பேசுவர்.

ஜாவாவை மறந்தால் அதன் அன்பர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த அவ்வண்டியை மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனத்தார் 1960களின் தொடக்கம் முதல் செய்துவந்தனர். 1973 முதல் யெஸ்டி என்று பெயர் மாறிற்று. 1996இல் ஆலை மூடப்பட்டது. கிக்கரே கியர் நெம்புகோலாகவும் பயன்படும் அதன் அமைப்பு புதியவரைத் திகைக்கச் செய்யும். ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி அன்பர்கள் நாட்டின் பல நகரங்களில் தத்தம் வண்டிகளுடன் கூடுகின்றனர். 2018இல் ஜாவாவும் 2022இல் யெஸ்டியும் புது உருவில் மீண்டும் வெளிவந்தன. எனினும் பழைய வண்டி வைத்திருப்போர் அதனை விட்டுக்கொடுப்பதாயில்லை.

பழைய வண்டியைக் காப்பது எளிதன்று. பதினைந்து ஆண்டு கழிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு, மூல உருவம் மாறாத வண்டிகளுக்கென 2021இல் தனிப் பதிவு விதி வந்தது. ஆயினும் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டலாகாது. உதிரிப் பாகங்களுக்கு நானா பேட்டைக் கடைகளில் அலைய வேண்டும். அங்கும் அகப்படாதது, ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் பழைய கடிகாரங்களுக்கும் இடையே கிடைத்தாலும் கிடைக்கும். பிளாட்டினம் பாயிண்டைக் காகிதம் வைத்துச் சரிபார்க்கும் மெக்கானிக்குகள் இப்போது முதியவராகிவிட்டனர். நம்மில் பலர் மராத்தி கற்றதும் அவர்களிடத்திலேதான். வண்டி நின்ற இடத்தில் வாய் திறக்காமல் முடியுமா?

எல்லாப் படங்களிலும் ஒன்று பொதுவாக இருந்தது. ஒருவர் தலையிலும் கவசம் இல்லை. இதைச் சிறுமி ஒருத்தியே முதலில் கண்டு சொன்னாள். அதுவரை பேசாதிருந்த அம்மாள் ஒருவர் அப்போதுதான் தம் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். அதனை எவரிடமும் கொடுக்கவில்லை. தாமே பிடித்துக் காட்டினார். புது மோட்டார் சைக்கிளின் அருகே அவருடைய மகன் நிற்கிறான். சிங்ககட் கோட்டைக்கு நண்பர்களுடன் சென்று திரும்பும் வழியில் விழுந்தவன் எழவில்லை. "கவசம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது" என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை.

ஓட்டுபவரும் பின்னே அமர்பவரும் தலைக்கவசம் அணியவேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் காவல் துறையினர் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது இந்நகரில் எதிர்ப்புப் போராட்டமே நடந்தது. நாம் அவ்வெதிர்ப்பின் பக்கம் நிற்பதற்கில்லை. அந்த அம்மாளின் கையிலிருந்த படத்தைக் கண்டபின் அதற்கு வேறு வாதம் தேவையில்லை.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து வெள்ளம் புகுந்தபோது, ஆற்றோரப் பேட்டைகளில் வீடுகளோடு ஆல்பங்களும் அழிந்தன. இன்று வெள்ளம் வரவேண்டியதில்லை. படத்தில் இருப்பவர் யார், வண்டி யாருடையது என்று சொல்லத் தெரிந்தவர் மறைந்தால் போதும், படம் ஊமையாகிவிடும். ஆகவே, வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில், மை பேனாவால் எழுதாமல், மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு, வண்டியின் எண் ஆகியவற்றைக் குறித்து வைப்பீர்களாக. வண்டி இரவல் வாங்கியதாயின் அதையும் எழுதுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. வண்டியைத் தந்த அந்த மராத்திய நண்பரின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ராஸ்தா பேட்டைப் பெரியவர் அன்றே அவ்வாறு எழுதினார். மனைவியார் பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை பார்த்தார்.