ஒரு பெட்டி, ஒன்பது பெயர்

உங்கள் ஆபீஸில் வைஃபை லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை பெயர் வருகிறது? எங்கள் ஆபீஸில் ஒன்பது வந்தது. அக்கவுண்ட்ஸ், சேல்ஸ், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், ஹெச்.ஆர்., கான்ஃபரன்ஸ், விசிட்டர், எம்.டி., அப்புறம் எம்.டி.-2. இந்தக் கடைசி ஆசாமி யாருக்காக என்று நான் இன்றுவரை கேட்கவில்லை; வேலை முக்கியம்.

ஒன்பது பெயர் என்றால் ஒன்பது மெஷின் என்று நினைக்காதீர்கள். கூரையில் தொங்குகிற ஒவ்வொரு பெட்டியும் ஒன்பது பெயரையும் சொல்லும். தசாவதாரத்தில் ஒன்று குறைவு. ஒவ்வொரு பெயருக்கும் தனி முகவரி, தனி பாஸ்வேர்டு, உள்ளே 'வி.லேன்' என்று தனிப் பாதை. பெட்டி நிஜம்; பெயர்களுக்கு 'வர்ச்சுவல் ஆக்சஸ் பாயின்ட்' என்று பட்டம். விசிட்டரும் சம்பள ஃபைலும் ஒரே ஆன்டெனாவில் போனாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க நல்ல ஏற்பாடு. அளவோடு இருந்தால்.

சங்கடம் என்னவென்றால், ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் 10 தடவை 'நான் இருக்கேன், நான் இருக்கேன்' என்று கூவ வேண்டும். அதுவும் கிழட்டு லேப்டாப்புக்கும் கேட்கிற மாதிரி, மெதுவான வேகத்தில். ஒன்பது பெயருக்கு நொடிக்கு 90 கூவல். அந்த வேகத்தை 1 மெகாபிட்டில் விட்டுவைத்திருந்தால், காற்றில் கிடைக்கிற நேரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போச்சு. பக்கத்துப் பெட்டியும் அதே சேனல் என்றால் இன்னொரு பங்கு. ஒரே பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு கண்டக்டர் ஒன்பது ஊர் பெயரைக் கத்திக்கொண்டிருந்தால் டிக்கெட் எப்போது கிழிப்பது?

நான் வேலைக்குச் சேர்ந்த மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் சார் சம்பள ஃபைலை பேங்குக்கு அனுப்ப உட்கார்ந்தார். பாதியில் நின்றது. மறுபடி அனுப்பினார். மறுபடி நின்றது. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனது. ஸ்டோர்ஸில் ஒரு தம்பிக்கு பைக் லோன் தவணை பவுன்ஸ், அபராதம் தனி. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வைஃபைக்காரன் நான்தானே. சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "இன்னும் ஆறு பெட்டி மாட்டுங்க சார்" என்றார்கள். சந்தையில் சத்தம் ஜாஸ்தி என்றால் இன்னும் ஆறு பேரைக் கூவவிடச் சொல்வது மாதிரி.

முதலில் நிஜப் பெட்டிகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ரசிகர். காவேரி, வைகை, பாலாறு என்று பெயர் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். "வைகை வரவில்லை" என்கிறது கம்ப்யூட்டர். வைகை வராதது ஒரு செய்தியா? எந்தக் கூரையில் என்பதல்லவா கேள்வி! எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "தம்பி, அது சாப்பாட்டு ரூம் மேல, ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ள." ஏணி போட்டு ஏறினால், வைகைக்குப் பத்தடி தள்ளி பாலாறு. இரண்டும் சேனல் 6. 2.4 கிகாஹெர்ட்ஸில் உரசாமல் இருக்க வழக்கமாக வைப்பது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். பாலாறை 11-க்குத் திருப்பிவிட்டேன்.

இரண்டு நோட்டு போட்டேன். ஒன்றில் பெட்டிகள்: மாடி, திசை, சீரியல் நம்பர், எந்த ஸ்விட்ச்சில் எந்த போர்ட். வைகை '2-கிழக்கு-3' ஆனது. கவிதை போச்சு, ஆனால் வாட்ச்மேன்கூட வழி சொல்வார். இன்னொன்றில் பெயர்கள்: யாருக்கு, எந்த வி.லேன், யார் கேட்டது. இந்த 'யார் கேட்டது'வில்தான் பூனைக்குட்டி வெளியே வந்தது. முக்கால்வாசிப் பெயர்கள் கௌரவத்துக்காக! சேல்ஸுக்குக் கொடுத்ததால் பர்ச்சேஸ் கேட்டிருக்கிறது.

எம்.டி.யிடம் போனேன்.

"என்னப்பா, எல்லாரையும் ஒண்ணாப் போட்டா என் ஃபைலை எல்லாரும் பார்க்க மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி.

"இல்ல சார். வெளிய பேரு ஒண்ணுதான். யார் லாகின் பண்றாங்களோ, அவங்கவங்க பாதைக்கு சர்வர் அனுப்பிடும்."

ஒன்பது மூன்றானது: ஸ்டாஃப், பிரிண்டர்-கேமரா, விசிட்டர். அடுத்த மாதக் கடைசியில் ஃபைல் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. ஸ்டோர்ஸ் தம்பி டீ வாங்கிக் கொடுத்தான்.

எம்.டி.க்கு ஒரு ஆசை மட்டும் பாக்கி. "விசிட்டரைத் தமிழ்ல 'விருந்தினர்'னு வைப்பா." வைஃபை பெயருக்கு இடம் மொத்தமே 32 பைட். தமிழில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக மும்மூன்று பைட் கேட்கும். விருந்தினருக்கு 33. ஒரே ஒரு பைட் இடிக்கிறது. இப்போதைக்கு 'வருக' என்று வைத்திருக்கிறோம்.