முகாமுக்கு வராதவர்

வட்டவடை டீக்கடைகளில் பூண்டு விலைக்கு அடுத்தபடி அலசப்படுவது கிரிக்கெட். 2025 ஜனவரியில் சாம்பியன்ஸ் டிராஃபி அணியில் சஞ்சு சாம்சன் இல்லை என்றதும் ஆளுக்கொரு கதை கிளம்பியது. திமிர் என்றது ஒரு கட்சி. பழிவாங்கல் என்றது மற்றொன்று.

தெரிந்த விவரமோ கொஞ்சம். வயநாட்டுப் பயிற்சி முகாமுக்கு அவர் போகவில்லை. விஜய் ஹசாரே போட்டிக்கான கேரள அணியில் இடம் போயிற்று. வர இயலாது என்று ஒற்றை வரியில் தகவல் அனுப்பினார், காரணம் சொல்லவில்லை என்றார் மாநிலக் கிரிக்கெட் சங்கத் தலைவர் ஜயேஷ் ஜார்ஜ். நிர்வாகிகளின் அகந்தை என்று சாடினார் சசி தரூர். ஆடத் தயார் என்று சஞ்சு பின்னர் தெரிவித்தும் ஏன் சேர்க்கவில்லை? வதந்திக்கு இந்த ஒரு கேள்வி போதாதா?

வேடிக்கை, 2025 மே மாதம் மூன்றாண்டுத் தடை விழுந்தது சஞ்சு மீதல்ல; அவருக்காகப் பேசிய ஸ்ரீசாந்த் மீது. சங்கத்தைப் பற்றிப் பொய் பேசினாராம்.