மறதியைக் குற்றமென்று எண்ணினோம்

கடைக்கு அனுப்பிய தம்பி உப்பை மட்டும் வாங்கி வந்து நின்றான். நாங்கள் சொல்லியனுப்பியவை ஐந்து பொருட்கள். "படித்த பிள்ளைக்கு இதுகூடவா நினைவில் நிற்காது?" என்று கடிந்துகொண்டோம். அவன் பதில் பேசவில்லை.

கல்லூரி நாட்களில் அவனை மனச்சிதைவு நோய் பற்றியது. யாரும் பேசாத குரல்கள் அவன் காதில் ஒலித்தன. மாத்திரைகள் உண்ணத் தொடங்கிய சில மாதங்களில், அல்லாஹ்வின் அருளால், அவை அடங்கின. இனி எல்லாம் சீராகிவிடும் என்று நம்பினோம். மறதி மட்டும் நீங்கவில்லை. வீட்டில் தனித்துத் தொழும்போது எத்தனையாவது ரக்அத் என்று அறியாமல் திகைத்து நிற்பான். "தொழுகையிலும் கவனமில்லையா?" என்று வாப்பா கேட்ட நாள்முதல், எங்கள் கண்ணெதிரே தொழுவதையே அவன் தவிர்த்தான்.

எங்களுக்கு விளங்காத ஒன்று இருந்தது. சிறுவயதில் மனனம் செய்த யாசீன் சூராவைப் பிழையின்றி ஓதுகிறவனுக்கு, சற்றுமுன் சொன்னது எப்படி மறக்கும்? மருத்துவர்தாம் விளக்கினார். பழைய பாடம் தங்கும் நினைவு வேறு. கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் ஏந்திச் செயல்படும் நினைவு வேறு. பின்னதற்கு நெற்றியின் பின்னுள்ள முன்மூளை இன்றியமையாதது. இந்நோயில் பெரிதும் தளர்வது அதுவே.

டேனியல் வைன்பெர்கர் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டுகளை வகைப்படுத்தும் சோதனையின்போது, நோயுற்றோரின் முன்மூளையில் குருதியோட்டம் மற்றவர்களுக்கு உயர்ந்த அளவு உயரவில்லை. பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில், எளிய வேலைக்கே அப்பகுதி மிகையாக உழைப்பதும், சுமை கூடும்போது தளர்வதும் தெரியவந்தன. குரல்களை அடக்கும் மருந்துகள் இந்த நினைவுக் குறையைப் பெரிதாக மாற்றுவதில்லை என்றும் மருத்துவர் கூறினார்.

அன்றிரவு வாப்பா நெடுநேரம் உறங்கவில்லை. மறதிக்கென்றே மார்க்கம் ஸஜ்தா ஸஹ்வைத் தந்திருக்க, நாங்கள் கடுஞ்சொல்லைத் தந்திருந்தோம்.

இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலையே சொல்கிறோம். வாங்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். மாத்திரை வேளைக்குக் கைப்பேசி மணி ஒலிக்கிறது. மஃரிபுக்கு வாப்பாவே அவனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்கிறார். ஜமாஅத்தில் இமாமைப் பின்தொடர்ந்தால் போதும். எண்ணிக்கை அவன்மீது சுமையாக இல்லை.

நம் வீடுகளில் இத்தகைய பிள்ளை இருந்தால், அவனைச் சோம்பேறி என்று அழைக்குமுன் சற்றுப் பொறுப்போம். அவன் நம்மைவிடக் கூடுதலாக உழைத்தே அந்த உப்பை நினைவில் வைத்திருக்கக்கூடும்.